ஜோடி இல்லாத வரி

சாமிக்கண்ணு செத்துப்போன ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்கே எழுந்து ஒரு டம்ளர் டீ குடித்தார். சர்க்கரை பத்தவில்லை என்று மகளிடம் குறைப்பட்டுக்கொண்டார். பிறகு காதிலிருந்த மெஷினைக் கழற்றித் தலையணை ஓரத்தில் வைத்துவிட்டு, கொசுவுக்குப் பயந்து தலையிலிருந்து கால்வரை போர்வையை இழுத்து மூடிக்கொண்டு மறுபடியும் படுத்தார். அவர் செத்துப்போன சேதி மூலக்குளத்தில் அந்தத் தெரு முழுக்கப் பரவி, தட்டாஞ்சாவடியில் இருக்கும் அவருடைய அக்கா வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்த பிறகும் அவருக்கு மட்டும் விஷயம் தெரியாது.

எல்லாவற்றுக்கும் காரணம் அவர் மகள் அமுதவல்லிதான். அமுதவல்லியைக் கேட்டால், ஒன்பதாம் வகுப்பில் நடத்த வேண்டிய அணி இலக்கணம்தான் காரணம் என்பாள்.

அவள் லாஸ்பேட்டையில் ஒரு அரசு பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சர். பதினாறு வருஷ சர்வீஸ். அவள் வகுப்புப் பெண்கள் உவமைக்கும் உருவகத்துக்கும் விளக்கம் கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். ஒரு பாட்டைக் கொடுத்து, இதில் உவமை எங்கே இருக்கிறது காட்டு என்றால் விழிப்பார்கள். 'போல' என்ற சொல் கண்ணில் பட்டால் போதும், உவமை என்று எழுதிவிடுவார்கள். 'மழை வரும் போல இருக்கிறது' என்று காலாண்டுத் தேர்வில் வேண்டுமென்றே ஒரு வரி கொடுத்துப் பார்த்தாள். முப்பத்தொரு பேரில் இருபத்துமூன்று பேர் உவமை அணி என்று எழுதியிருந்தார்கள். மிச்சம் எட்டுப் பேர் அந்தக் கேள்வியையே தொடவில்லை.

அன்றைக்குப் புத்தகத்தை மூடி வைத்தவள்தான். வீட்டில் யார் என்ன பாட்டுப் பாடினாலும் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றாள். தாலாட்டு வந்தது, நடவுப் பாட்டு வந்தது, கோயில் கூழ் ஊற்றும்போது பாடுவது வந்தது. வகுப்பு களை கட்டிவிட்டது. ஒப்பாரி மட்டும் வரவில்லை. உருவகம் கொட்டிக் கிடப்பதே ஒப்பாரியில்தான் என்பது அமுதவல்லியின் கட்சி. ஆனால் எழவு விழாத வீட்டில் ஒப்பாரியை வாயால்கூட உச்சரிக்கக் கூடாது என்று எல்லா வீட்டிலும் பெண்களை அதட்டி அனுப்பிவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தைப் பெருக்கும் கன்னியம்மாள் வில்லியனூர்ப் பக்கம் பேர்போன பாட்டுக்காரி. ஒரு வாரம் அவள் பின்னாலேயே அலைந்து, சனிக்கிழமை மத்தியானம் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டாள் அமுதவல்லி. "வெறும் கையோட ஒக்காந்தா வராது டீச்சர். தோளக் குடுங்க" என்று கன்னியம்மாள் அவள் தோள்மேல் கை போட்டுக்கொண்டு கால் மணி நேரம் பாடினாள். அமுதவல்லி போனில் பதிவு செய்துகொண்டாள்.

முடித்து எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டே கன்னியம்மாள் சொன்னாள்: "இத வூட்டுக்குள்ள போடாதீங்க டீச்சர்."

"பாடம் நடத்தறதுக்குத்தான் கன்னிம்மா. வூட்டுல எதுக்குப் போடப் போறேன்."

சொன்னவள் மறுநாள் காலையிலேயே போட்டாள். வீட்டுக்கு எடுத்து வந்திருந்த பள்ளிக்கூடத்து ஸ்பீக்கரில் சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. வைத்துப் பார்த்தாள், கணீரென்று வந்தது. சரி, ஓடட்டும், குளித்துவிட்டு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அவளுக்கு நிம்மதியான குளியல். புருஷன் கோபிநாத் மீன் வாங்கப் போயிருந்தான். ஐப்பசித் தூறல் விட்டு விட்டு விழுந்துகொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் தானாகவே மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

எதிர்வீட்டுத் தனக்கொடி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். சாமிக்கண்ணு குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பில் விரிசல் விட்டு, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, வெள்ளிக்கிழமைதான் வாக்கரோடு வீட்டுக்கு வந்தவர். அது தெருவுக்கே தெரியும். அப்பேர்ப்பட்ட வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஒப்பாரி கேட்டால் யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள். தனக்கொடி கோலமாவுக் கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடிவந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். உள்ளே கிழவர் போர்வையை முழுக்க மூடிக் காலை நீட்டிப் படுத்திருந்தார். கிரில் கேட் உள்ளே பூட்டியிருந்தது.

தனக்கொடி வீட்டு கேட்டைச் செய்து கொடுத்தவன் தட்டாஞ்சாவடியில் பட்டறை வைத்திருக்கும் செம்மல். சாமிக்கண்ணுவின் அக்கா செல்வாம்பாளுடைய மகன். அவன் நம்பர் அவளிடம் இருந்தது. முதல் போன் அங்கே போய்விட்டது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். செல்வாம்பாள் தம்பி வீட்டு வாசலை மிதித்து அஞ்சு வருஷம் ஆகியிருந்தது. சரியாகச் சொன்னால், அந்த வாசலை அவர் மிதித்ததே இல்லை. கொரோனா சமயத்தில் இந்த வீட்டுக்குப் புதுமனை புகுவிழா வைத்தார்கள். இருபது பேருக்கு மேல் கூடாது என்று கெடுபிடி. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து வீடு வீடாகப் போக முடியாமல், அமுதவல்லி பத்திரிகையைப் படமெடுத்துச் செம்மல் போனுக்கு அனுப்பிவிட்டாள். அன்று ராத்திரியே செல்வாம்பாள் கூப்பிட்டார்.

"ஏண்டி, உங்கப்பன தலமேல தூக்கினு வந்தவ நானு. எனக்குப் போன்ல படமா?"

சுண்ணாம்பும் சிமென்டுமாக நாள் முழுக்க நின்று அலுத்திருந்த அமுதவல்லி வாயை அடக்கவில்லை. "எல்லாரும்தான் தலமேல தூக்கி வளத்தேன், தோள்மேல தூக்கி வளத்தேன்னு சொல்றாங்க அத்த. அதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்றது" என்றுவிட்டாள்.

செல்வாம்பாள், "உங்கப்பன் சாவுக்குத்தான் இனிமே ஒன் வாசப்படிய மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பிறகு பேச்சே இல்லை. சாமிக்கண்ணு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட வரவில்லை. அவர் மட்டும் தினமும் ஒருதரம் வாசலைப் பார்த்து, "அக்காவுக்குச் சொன்னீங்களா?" என்று கேட்பார். சொன்னோம் என்பார்கள்.

குளித்து முடித்து, தலைமுடியைத் துவட்டாமல் விரித்துப் போட்டுக்கொண்டு அமுதவல்லி வெளியே வந்தபோது வாசலில் முப்பது பேர் நின்றார்கள். தெருக்கோடி சொல்தா இராமதாஸ், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலுக்கு மட்டும் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு குடையோடு நின்றார். யாரோ ஒருத்தர் கையில் மாலை இருந்தது. என்னவோ ஏதோவென்று பதறிப்போய் அவள் கிரில்லைத் திறப்பதற்கும் வாசலில் ஆட்டோ வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

செல்வாம்பாளுக்கு எழுபத்தெட்டு வயது. ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே மாரில் அடித்துக்கொண்டு இறங்கினார். "அத்த, அத்த" என்று அமுதவல்லி கத்தினாள். ஈரத்தலையோடு நின்று கத்தியதை அழுகையென்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். செல்வாம்பாள் அவள் தோளைக் கட்டிப் பிடித்து, வாசல்படியிலேயே இழுத்து உட்கார வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தார். கன்னியம்மாள் பாட்டெல்லாம் ஸ்பீக்கரில் அமுங்கிப்போனது. அஞ்சு வருஷமாக அடக்கி வைத்திருந்த குரல் அது. தெருவில் நின்ற ஆண்பிள்ளைகள்கூடத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அமுதவல்லிக்கும் அழுகை வந்துவிட்டது. அப்பா உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தே அழுதாள்.

சாமிக்கண்ணுவுக்கு ஒன்றுக்கு முட்டியதால்தான் அன்றைக்கு அந்தப் பாட்டு நின்றது. போர்வையை விலக்கி, வாக்கரைப் பிடித்துத் தத்தித் தத்தி உள்கதவு வரை வந்தவர், கூட்டத்தைப் பார்த்தார். காதில் மெஷின் இல்லை. ஒரு சத்தமும் கேட்கவில்லை. வாசல்படியில் உட்கார்ந்திருப்பது யார் என்று மட்டும் தெரிந்துவிட்டது.

"அக்கா, எப்ப வந்த?" என்றார்.

செல்வாம்பாள் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. கூட்டத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள், யாரோ சிரித்தார்கள். ஸ்பீக்கரில் கன்னியம்மாள் மட்டும் விடாமல் பாடிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கோபிநாத் ஒரு கிலோ சங்கரா மீனோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். எழவு வீட்டுக்கு மீன் பையோடு வந்தவனை நாலு பெண்கள் பிடித்துத் திட்டினார்கள். "யாரு செத்தது?" என்று அவன் மாமனாரைப் பார்த்தே கேட்டான்.

செல்வாம்பாள் எழுந்தார். அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டார். தம்பியை ஒருமுறை பார்த்தார். அமுதவல்லியை ஒருமுறை பார்த்தார். "அத்த, பாட்டு வந்து பாடத்துக்காக..." என்று அவள் தொடங்கியதைக் கேட்க நிற்கவில்லை. வந்த ஆட்டோவிலேயே ஏறிப் போய்விட்டார்.

கூட்டம் கலைய ஒரு மணி நேரம் ஆனது. உயிரோடிருக்கும் ஆளுக்கு ஒப்பாரி வைத்தால் ஆயுசு கெட்டி என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்தா இராமதாஸ் சாமிக்கண்ணுவின் கையைக் குலுக்கி, பிரெஞ்சில் "பொன்ழூர்" என்று வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் சாமி படத்துக்குப் போட்டார்கள்.

மத்தியானம் மீன் குழம்பும் வறுவலும் தட்டில் இருந்தும் சாமிக்கண்ணு பிசைந்துகொண்டே இருந்தார். மீன் என்றால் அவருக்கு உயிர். மில்லில் வேலை பார்த்த காலத்தில் மூணாவது ஷிப்டு முடிந்து வந்து, பழைய சோற்றுக்கும் கருவாடு கேட்கிற ஆள்.

"முள்ளு குத்துதாப்பா?" என்றாள் அமுதவல்லி.

"சொல்லாம போயிட்டா பாத்தியா" என்றார்.

அவளுக்கு அது உறைத்தது. எழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போயிட்டு வரேன் என்று சொல்ல மாட்டார்கள். திரும்ப வருகிறேன் என்ற பேச்சு அங்கே கூடாது. யாரிடமும் சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும். மற்ற எந்த வீட்டிலிருந்தும் அப்படிக் கிளம்பினால், அந்த வீட்டோடு உறவு முடிந்தது என்று அர்த்தம்.

"கோவத்துல போயிருப்பாங்கப்பா."

"கோவமா இருந்தா திட்டிட்டுப் போயிருப்பா. எங்கக்காவ எனக்குத் தெரியாதா. நான் செத்த மாதிரியே நெனச்சிகினு போயிட்டா" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். வறுவல் அப்படியே இருந்தது. அமுதவல்லிக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

சாயங்காலம் தனக்கொடி வந்தாள். காலையில் நடந்ததற்கு வருத்தம் தெரிவிக்க வந்தவள் மாதிரி இல்லை. "டீச்சர், ஒங்க அத்த பாடினாங்களே, அத நான் போன்ல புடிச்சி வச்சிருக்கேன். எங்கக்காவுக்கு அனுப்பலாம்னு எடுத்தது. ஒங்களுக்குப் பாடத்துக்கு ஆவுமே" என்று அனுப்பிவிட்டுப் போனாள்.

இந்த முறை ஜன்னல் கதவையெல்லாம் சாத்திவிட்டுத்தான் போட்டார்கள். சாமிக்கண்ணு மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டு தன் ஒப்பாரியைத் தானே கேட்டார்.

தங்கத் தேரு கட்டி - என் தம்பி
தலவாசல் வந்த தேரு
அச்சு முறிஞ்சதென்ன - என் தம்பி
ஆணி கழண்டதென்ன

வெள்ளித் தேரு கட்டி - என் தம்பி
வீதியில வந்த தேரு
வடமும் அறுந்ததென்ன - என் தம்பி
வழியில நின்னதென்ன

"நல்லாத்தான் பாடறா" என்றார். அவருக்குக் கொஞ்சம் முகம் தெளிந்திருந்தது.

முத்துக் கெணறு வெட்டி - நான்
மொகங்கழுவ வச்ச தம்பி
பவளக் கெணறு வெட்டி - நான்
பல்லு வெளக்க வச்ச தம்பி

"நான் எங்க கெணறு வெட்டினேன்? அவ வூட்டுல ஒரு அடிபம்பு போட்டுக் குடுத்தேன். அதுலயும் ரெண்டு மாசத்துல தண்ணி நின்னுபோச்சி" என்று சிரித்தார். அடுத்து வந்தது இது:

ஐப்பசி மழையில ஆத்துல வெள்ளம் வர
மாருமட்டும் தண்ணியில மீன்கூட தலமேல
ஒன்ன வச்சி நான் நடந்தேன் - ஒரு கையும் விடலியே

அதோடு பதிவு நின்றது. அவர் எழுந்து வந்தது அந்த இடத்தில்தான்.

"இது என்னாப்பா, ஆத்து வெள்ளம்?"

"அது சும்மா. கண்ணனக் கூடையில வச்சி ஆத்தத் தாண்டினாங்க இல்ல, அந்தக் கதைய எடுத்து இழுத்து உட்டுக்குவாளுங்க. பொம்பளைங்க பாட்டுல அதெல்லாம் வரும்" என்றார் சாமிக்கண்ணு. "நாளைக்குப் புள்ளைங்களுக்கு இதையே நடத்து. நானே கேட்டுட்டேன், அதுங்க கேட்டா என்னா."

திங்கட்கிழமை நல்ல மழை. முப்பத்தொரு பெண்களில் இருபத்தாறு பேர்தான் வந்திருந்தார்கள். நனைந்த யூனிபார்மோடு ஃபேனுக்கடியில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பீக்கரைத் தொடவே இல்லை அமுதவல்லி. பாட்டு முழுவதையும் கரும்பலகையில் எழுதினாள். யாருக்கு யார் பாடியது என்று அவள் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. தெருக்காரர்கள் வழியாகச் சேதி கேட்டிருந்த கன்னியம்மாள் காலையிலேயே வகுப்பு வகுப்பாகச் சொல்லி முடித்திருந்தாள்.

"மூணு கேள்விதான். ஒவ்வொரு வரிக்கும் கேட்டுப் பாருங்க. இது நெசமா நடக்குமா? நடக்காதுன்னா எதச் சொல்ல வருது? அத ஏன் நேராச் சொல்லல? மொத வரி. தங்கத் தேரு நெசமா?"

"இல்ல மிஸ்."

"அப்ப தேருன்னா எது?"

"ஒங்கப்பா மிஸ்."

"தேரு மாதிரின்னு சொல்லியிருக்காங்களா?"

"இல்ல மிஸ். தேருன்னே சொல்லிட்டாங்க. உருவகம்."

"அச்சு முறிஞ்சதுன்னா?"

"இடுப்பு எலும்பு மிஸ்" என்றாள் பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி. வகுப்பே சிரித்தது. அமுதவல்லியும் சிரித்தாள். பதினாறு வருஷத்தில் இவ்வளவு சுளுவாக உருவகம் நடத்தியதில்லை.

"சரி, ஏன் நேராச் சொல்லல?"

கொஞ்ச நேரம் யோசித்தார்கள். "நேராச் சொன்னா அழுகதான் வரும் மிஸ். பாட முடியாது" என்றாள் ஒருத்தி. அந்தப் பதிலை அமுதவல்லி அப்படியே பலகையில் எழுதிப்போட்டாள். முத்துக் கிணறும் பவளக் கிணறும் உயர்வு நவிற்சி என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். அடிபம்புக் கதையைச் சொன்னதும் இன்னொரு சிரிப்பு.

கடைசி மூன்று வரிக்கு வந்தபோது மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. நேரத்தை மிச்சப்படுத்த அவளே சொன்னாள்: "இதுவும் உயர்வு நவிற்சிதான். கண்ணன் கத தெரியும் இல்ல? கூடை, ஆறு, வெள்ளம். அத எடுத்துத் தம்பிமேல ஏத்திப் பாடறாங்க." பக்கத்தில் சாக்பீஸால் 'உயர்வு நவிற்சி' என்று எழுதினாள்.

மேனகா எழுந்து நின்றாள். தமிழில் நாற்பதைத் தாண்டாத பெண். கணக்கில் மட்டும் தொண்ணூறு வாங்குவாள். கேள்வி கேட்டு அமுதவல்லி பார்த்ததில்லை.

"மிஸ், இது அப்படி இல்ல மிஸ்."

"எப்படிச் சொல்ற?"

"மேல எல்லாம் ஜோடி ஜோடியா வருது மிஸ். தங்கம்னா வெள்ளி. முத்துன்னா பவளம். ஒண்ணு சொல்லிட்டு அதையே மாத்தி இன்னொண்ணு. இதுக்கு மட்டும் ஜோடி இல்ல."

"பாட்டு பாதியில நின்னுபோச்சு. அடுத்தது வந்திருக்கும்."

"வராது மிஸ்" என்றாள் மேனகா. "மீன்கூடன்னு சொல்றாங்க. சும்மா சொல்றதா இருந்தா பூக்கூடன்னு சொல்லியிருப்பாங்க. தங்கக் கூடன்னு சொல்லியிருப்பாங்க. தம்பிய யாராச்சும் மீன்கூடையில வப்பாங்களா. நெசமா வச்சிருந்தாதான் மிஸ் அப்படிச் சொல்ல முடியும்."

அமுதவல்லி பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாருமட்டும் தண்ணி. அப்பா கைக்குழந்தையாக இருந்தபோது அத்தைக்குப் பத்து வயது. பத்து வயதுப் பெண்ணுக்கு மார் எவ்வளவு உயரத்தில் இருக்கும். பெரியவர்களுக்கு இடுப்பளவுகூட வராத தண்ணீர். நடக்காத காரியமே இல்லை. உங்கப்பன தலமேல தூக்கினு வந்தவ நானு என்று அத்தை சொன்னது காதில் கேட்டது. அதற்குத் தான் சொன்ன பதிலும் கேட்டது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அணி நடத்துகிறவள், ஒரு கிழவி உள்ளதை உள்ளபடி சொன்னதை அலங்காரப் பேச்சு என்று தள்ளிவிட்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது அவளுக்கு. பிள்ளைகள் முன்னால் அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"நான் கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றாள். 'உயர்வு' என்ற சொல்லை மட்டும் விரலால் அழித்தாள். பலகையில் 'நவிற்சி' மட்டும் நின்றது. உள்ளதை உள்ளபடி சொல்வதற்கும் இலக்கணத்தில் ஒரு பேர் உண்டு, இயல்பு நவிற்சி என்று. கேட்காமல் எழுத அவளுக்கு மனசு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோபிநாத் ஒரு கார் பிடித்துவந்தான். முன்சீட்டில் சாமிக்கண்ணு, பின்சீட்டில் மடக்கிய வாக்கரும் அமுதவல்லியும். அவள் மடியில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஒரு முழம் மல்லி, ஒரு புடவை. மேனகா சொன்னதை அப்பாவிடம் அவள் முந்தின நாளே சொல்லியிருந்தாள். அவர் ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருந்தார்.

செம்மலின் பட்டறை வீட்டுக்கு முன்புறத்திலேயே இருந்தது. லேத் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே செல்வாம்பாள் முறம் வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். மெயின் ரோட்டு ஓட்டலுக்கு தினமும் மூன்று கிலோ உரித்துக் கொடுப்பார். காரிலிருந்து இறங்குவது யார் என்று பார்த்துவிட்டு, பார்க்காதவர் மாதிரி முறத்தில் தோலைப் புடைத்தார். செம்மல் லேத்தை நிறுத்திவிட்டு ஓடிவந்து மாமனைத் தாங்கிக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தான்.

சாமிக்கண்ணு சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, ஆத்துல என்ன கூடையில வச்சித் தூக்கினு வந்தியா?"

செல்வாம்பாள் ஒரு பல்லை உரித்து முடித்தார். "இப்ப என்னாத்துக்கு அது?"

"நெசமான்னு கேக்கறேன்."

"ஒனக்கு நாலு மாசம். அம்மா காச்சல்ல கெடந்துது. அப்பா வேலைக்குப் போனவரு தண்ணிக்கு அந்தாண்ட மாட்டிக்கினாரு. வூட்டுக்குள்ள தண்ணி பூந்துடுச்சி. அம்மாவ ரெண்டு ஆம்பளைங்க தூக்கினு போனாங்க. ஒன்ன யாரும் தூக்கல. கந்தத் துணின்னு நெனச்சிட்டாங்க." செல்வாம்பாள் அடுத்த பூண்டை எடுத்தார். "பக்கத்து வூட்டு மீன்காரம்மாவோட கூட ஒண்ணு கெடந்துது. அதுல போட்டு தலமேல வச்சிகினு நடந்தேன். கூடையில ஓட்ட. ஒன் மூத்திரம் பூரா என் மொகத்துல. நாத்தம் வேற. மீன் நாத்தம் நாலு நாளு ஒன் ஒடம்ப உட்டுப் போவல. அதான் இன்னி வரைக்கும் ஒனக்கு மீனு இல்லாம சோறு எறங்க மாட்டேங்குது."

செம்மல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சாமிக்கண்ணு சிரிக்கவில்லை. அவர் கண் நிறைந்திருந்தது. "இத ஏன் ஒரு தபா கூட எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லாம என்னா. எல்லா சாவுலயும் பாடறேன். நீங்க பாட்டுன்னு கேட்டுகினு போனா நான் என்னா பண்ண."

அமுதவல்லி தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "அத்த, அன்னிக்குப் போன்ல நான் ஒண்ணு சொன்னேன்."

"என்னா சொன்ன? எனக்கு நெனப்பில்ல."

"பேச்சுக்குச் சொல்றதுன்னு சொன்னேன்."

"எல்லாரும்தான் தலமேல தூக்கி வளத்தேன், தோள்மேல தூக்கி வளத்தேன்னு சொல்றாங்க அத்த, அதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்றதுன்ன" என்றார் செல்வாம்பாள், ஒரு சொல் குறையாமல். "படம் அனுப்புனது கூடப் போவுது, கொரோனா."

"தப்பு அத்த. எங்கிளாஸ் பொண்ணு ஒருத்தி சொல்லித்தான் எனக்கே புரிஞ்சுது. மீன்கூடன்னு வருதே, இது நெசமாத்தான் இருக்கும்னு சொன்னா."

"எந்தப் பொண்ணு?"

"மேனகான்னு. கணக்குல நல்ல மார்க் எடுக்கற பொண்ணு."

"அதுக்குப் புத்தி இருக்குது" என்றார் செல்வாம்பாள். "வாத்திச்சிக்குத்தான் இல்ல." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இல்லை. முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தார். அமுதவல்லி எழுந்து தாம்பாளத்தை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினாள்.

"ஞாயித்துக்கெழம வூட்டுக்குச் சாப்புட வரணும் அத்த."

"அஞ்சு வருஷம் கழிச்சிப் பத்திரிகையா? உங்கப்பன் சாவுக்குத்தான் வாசப்படிய மிதிப்பேன்னு சொன்னவ நானு."

"அதான் மிதிச்சிட்டியே" என்றார் சாமிக்கண்ணு. "சாவுக்குத்தானே வந்த. சொன்ன சொல்லு தவறல."

செல்வாம்பாள் தம்பியை முறைத்துப் பார்த்தார். பிறகு தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். புடவையைப் பிரித்து விளிம்பைத் தடவிப் பார்த்து, கலர் பரவாயில்லை என்றார். செம்மலின் பெண்டாட்டி டீ போட்டுக்கொண்டு வந்தாள். சர்க்கரை சரியாக இருக்கிறது என்று சாமிக்கண்ணு மகளைப் பார்த்துச் சொன்னார். இடுப்பு எலும்புக்கு என்ன மாத்திரை கொடுத்தார்கள், வீட்டுக்குப் பெயிண்ட் அடித்த பையன் எவ்வளவு மோசம், ஓட்டல்காரன் பூண்டில் எத்தனை பல் சொத்தை போடுகிறான் என்று இருட்டும்வரை பேசினார்கள். அஞ்சு வருஷப் பேச்சு மிச்சமிருந்தது.

கிளம்பும்போது சாமிக்கண்ணு வாக்கரை ஊன்றி எழுந்தார். செல்வாம்பாள் கார்வரைக்கும் கூடவே வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர், கொஞ்சம் தயங்கினார்.

"தம்பி."

"என்னாக்கா?"

"அன்னிக்கு ஒன் வூட்டுல சொல்லாம வந்துட்டேன்" என்றார். "இப்ப சொல்றேன். போயிட்டு வரேன்."

தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அவர் அதைச் சொன்னார். செம்மலும் கோபிநாத்தும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாமிக்கண்ணு மட்டும் ஒன்றும் விசித்திரமாக நடக்காதது மாதிரி காரில் உட்கார்ந்தபடியே தலையை ஆட்டினார்.

"போயிட்டு வாக்கா" என்றார்.